சந்தனப் பொட்டு வைத்த ஹெலிகாப்டர்

பெண் பார்க்கப் போன வீட்டில் பெண்ணைப் பார்க்காமல் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்த ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து இந்தத் தமிழ்நாட்டிலேயே எங்கள் றெக்கை சார்தான். இத்தனைக்கும் அது அவருக்குப் பார்த்த பெண் இல்லை. எனக்குப் பார்த்த பெண்.

திண்டுக்கல் நாகல் நகரில் எங்கள் தெருவின் கடைசி வீடு அவருடையது. சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அது தபால்காரருக்கும் ரேஷன் கடைக்காரருக்கும் மட்டும்தான் தெரியும். பெங்களூரில் ஹெலிகாப்டர் செய்யும் இடத்தில் முப்பது வருடத்துக்கு மேல் இன்ஜினீயராக இருந்து, ஓய்வு பெற்று, மனைவி டீச்சரம்மாவோடு ஊருக்குத் திரும்பியிருந்தார். வந்த முதல் வாரம் தெருவில் யாரோ, "சாருக்கு அங்க என்ன வேலை?" என்று கேட்க, "றெக்கை செய்யிற வேலை" என்று பதில் சொல்லியிருக்கிறார். அன்று சாயந்திரத்துக்குள் பெயர் ஒட்டிக்கொண்டது. ஒட்ட வைத்ததில் என் பங்கும் கொஞ்சம் உண்டு.

அப்பா இல்லாத வீடு என்பதால், பெண் பார்க்கப் போகும்போது கௌரவமாக ஒரு பெரியவர் கூட வரட்டும் என்று அம்மா ஆசைப்பட்டாள். வெள்ளை முடி, வெள்ளை முழுக்கைச் சட்டை, பேனா, கண்ணாடி என்று பார்வைக்கு ரிட்டையர்டு ஜட்ஜ் மாதிரி இருப்பவர் தெருவில் அவர் ஒருவர்தான். வத்தலக்குண்டுக்கு வேனில் போனோம். கேசரி வந்தது. பெண்ணும் வந்தாள். சார் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எடுத்துக்கங்க சார்" என்றார் பெண்ணின் அப்பா.

"இந்த ஃபேனை யாரு மாட்டுனது?"

"எலக்ட்ரீசியன்தான் சார். நம்ம ஊருக்காரப் பயதான்."

"மாட்டிட்டு அவரு இதுக்குக் கீழ ஒரு மணி நேரம் படுத்துப் பாத்தாரா?"

பெண்ணின் அப்பா என்னைப் பார்த்தார். நான் கேசரியைப் பார்த்தேன். அதற்குள் சார் எழுந்து ஃபேனை நிறுத்திவிட்டார். சித்திரை மாத வெயிலில், இருபது பேர் நிறைந்த கூடத்தில். பிறகு ஒரு ஸ்டூலும், மஞ்சள் பொடியும், குங்குமமும், சுண்ணாம்பும் கேட்டார். சடங்கு ஏதோ செய்யப் போகிறார் என்று நினைத்து பெண்ணின் அம்மா தாம்பாளத்திலேயே வைத்துக் கொடுத்தார்.

அவர் செய்தது இதுதான். மூன்று இறக்கைகளின் நுனியிலும் ஆளுக்கொரு கலராக மஞ்சள், குங்குமம், சுண்ணாம்பைக் குழைத்துத் தடவினார். ஃபேனைச் சுற்றவிட்டு, ஒரு குச்சியில் சுற்றிய செய்தித்தாளை இறக்கை நுனியில் லேசாகப் படும்படி காட்டினார். தாளில் மூன்று கலரிலும் மூன்று கோடு விழுந்தது. ஒரே உயரத்தில் விழுந்தால் மூன்று இறக்கையும் ஒரே தளத்தில் சுற்றுகிறது என்று அர்த்தம். மஞ்சள் கோடு அரை விரற்கடை கீழே விழுந்திருந்தது.

"பாத்தீங்களா, இவன்தான் தொங்குறான்" என்றார் வெற்றியோடு. "ஹெலிகாப்டர்லயும் இதே வேலைதான். அந்தக் காலத்துல எங்களுக்கு சாக்பீசும் துணியும்தான்."

மறுபடி ஸ்டூலில் ஏறியபோது ஸ்டூல் ஆடியது. ஒரு காலை என்னைப் பிடிக்கச் சொன்னார். மறு காலைப் பெண்ணைப் பிடிக்கச் சொன்னார். "செத்த நேரம் ஆடாமப் பிடிங்க" என்பதுதான் என் வருங்கால மனைவி என்னிடம் பேசிய முதல் வாக்கியம். அன்றைக்கு அந்த வீட்டுச் சுவரிலும் என் வருங்கால மாமியாரின் பட்டுச் சேலையிலும் தெறித்த மஞ்சளும் குங்குமமும் கடைசி வரை போகவில்லை. ஆனால் அந்த ஃபேன் ஓடுகிறதா நிற்கிறதா என்று இன்றைக்கும் அண்ணாந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அவ்வளவு அமைதி.

பேகம்பூரில் ஒரு பிரியாணிக் கடை. கடைக்கார பாய்க்கும் சாருக்கும் உண்டான சிநேகம் தனிக் கதை. நான்தான் ஒருநாள் சாரைக் கூட்டிப் போனேன். சார் சைவம். ஒரு டீயும் ஒரு தம்ளர் தண்ணீரும் கேட்டார். தண்ணீரைக் குடிக்கவில்லை. விளிம்பு வரை நிரப்பி மேஜை நடுவில் வைத்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்தார்.

பாய் வந்து எட்டிப் பார்த்தார். "என்ன சார், தண்ணியில ஏதும் கெடக்கா?"

"இல்ல பாய். நடக்குதான்னு பாக்குறேன்."

"தம்ளரா?"

"ஆமா."

பாய் என்னைத் தனியாக அழைத்து, "சாருக்கு ஒடம்புக்கு ஏதாச்சும் முடியலையா தம்பி? சொல்லுங்க, தர்காவுல ஓதிப் பாப்போம்" என்றார். அவர் சொல்லி வாய் மூடவில்லை, தம்ளர் நகர ஆரம்பித்தது. சின்னச் சின்ன அடியாக வைத்து, மேஜையின் ஓரம் வரை போய், பக்கத்து மேஜைக்காரரின் மடியில் விழுந்தது. "யா அல்லா!" என்றார் பாய்.

தம்ளர் நடந்தால் எங்கேயோ ஒன்று தப்பாகச் சுற்றுகிறது என்பது சாரின் கணக்கு. தேடிக்கொண்டே போனதில், அடுப்படிப் புகைபோக்கி விசிறி நான்கு போல்டில் ஒரே ஒரு போல்டில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே பாயின் மாஸ்டர் பிரியாணிக்குத் தம் போட்டுக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து பிரியாணியே சாப்பிடாத ஒரு மனிதருக்கு அந்தப் பிரியாணிக் கடையில் நிரந்தரமாக ஒரு நாற்காலி. ஞாயிற்றுக்கிழமை மதியம் நாங்கள் வாசலில் வரிசையில் நின்று காய்ந்துகொண்டிருப்போம். சார் உள்ளே ஃபேனுக்குக் கீழே டீ குடித்துக்கொண்டிருப்பார்.

திண்டுக்கல்காரன் வீட்டைப் பூட்டினால் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பான் என்பார்கள். சார் ஏழு தடவை இழுப்பார். பிறகு பூட்டு விற்றவரையும் வரச் சொல்லி இழுத்துப் பார்க்கச் சொல்வார். ஏனென்றால் அவர் வாழ்க்கையில் ஒரு சட்டம் வைத்திருந்தார். பெங்களூரிலிருந்து அவர் கொண்டுவந்த ஒரே சொத்து அதுதான் என்று டீச்சரம்மா சொல்வார்.

"எங்க பட்டறையில ஒரு வழக்கம் தம்பி. புது மெஷினைச் சோதனைக்கு மேல எடுக்கறதுக்கு முன்னாடி, சரியா இருக்குன்னு ஒருத்தர் கையெழுத்துப் போடணும். கையெழுத்துப் போட்டவன் எவனோ, அவனும் பைலட்டோட அதுல ஏறணும். ஏற மாட்டேன்னா கையெழுத்துப் போடக் கூடாது. அம்புட்டுத்தான்."

பட்டறையில் அது நல்ல வழக்கமாக இருந்திருக்கலாம். எங்கள் தெருவில் அதை நடைமுறைப்படுத்தியபோது ஜனங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. கட்டில் செய்துகொண்டு வந்த ஆசாரி அதில் படுத்துக் காட்ட வேண்டும். ஆட்டோவுக்கு பிரேக் போட்ட மெக்கானிக் பின் சீட்டில் உட்கார்ந்து சிறுமலை அடிவாரம் வரை போய்வர வேண்டும். மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு வந்த ராட்டினக்காரரைத் தொட்டியில் ஏற்றி மூன்று சுற்றுச் சுற்றவைத்து, அவர் இறங்கி ஓரமாக வாந்தி எடுத்த பிறகுதான் மற்றவர்களை ஏறவிட்டார். பல் டாக்டரிடம், "நீங்க கட்டுன பல்லுல நீங்க முறுக்குத் தின்னு காட்டுங்க" என்று கேட்டதாக ஒரு வதந்தி உண்டு. வதந்திதான். ஆனால் நான் நம்புகிறேன்.

இதிலெல்லாம் ஒரு சங்கடம் இருந்தது. அவர் உண்மையிலேயே ஹெலிகாப்டர் செய்தவர் என்பதைத் தெருவில் யாரும் நம்பவில்லை. ஒரு போட்டோ கிடையாது. வேலை பார்த்த இடத்தில் கேமராவை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்களாம். பட்டயம், கேடயம், மேடையில் மாலை எதுவும் இல்லை. போதாததற்கு டீச்சரம்மாவே, "மிக்ஸி ரிப்பேர் பண்ணத் தெரியாது இவருக்கு" என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார்.

"மிக்ஸி பறக்காது. எனக்கு அதுல ஈடுபாடு இல்ல" என்பார் சார்.

ஒருநாள் டீக்கடையில் அவர் தன் கதையைச் சொன்னார். ஒட்டன்சத்திரம் பக்கம் வெங்காயம் போட்ட குடும்பம். தேர்தலுக்கு ஒரு தலைவர் ஹெலிகாப்டரில் வந்திறங்க, ஊரே தலைவரைப் பார்க்க, இவர் மட்டும் புழுதியில் குப்புற விழுந்து கிடந்து தலையைத் தூக்கி மேலே சுற்றுவதைப் பார்த்தாராம். அங்கே பிடித்தது கிறுக்கு. இன்ஜினீயரிங் படித்து பெங்களூர் போனார். நம் ஆட்கள் கையாலேயே ஒரு ஹெலிகாப்டரை முதலிலிருந்து செய்வது என்று ஆரம்பித்தபோது, அந்த முதல் கூட்டத்தில் இவர் ஒருவர். இறக்கை இவர் பொறுப்பு. கண்ணாடி நூலில் நெய்த துணியை, பசை தடவி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அடுக்கி இறக்கை செய்தார்கள். ஒன்று இன்னொன்றைவிட ஒரு சிட்டிகை எடை கூடினால் அப்படியே கழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. இப்படியே வருடக்கணக்கில்.

"மொத மொதல்ல எந்திரிச்ச நாளு இருக்கே, ரெண்டு அடிதான் எந்திரிச்சுச்சு. ரெண்டே அடி. நாங்க அத்தன பேரும் அழுதுட்டோம்" என்றார்.

"ரெண்டு அடியா?" என்றேன் நான். "எங்க வீட்டுக் கோழியே அதுக்கு மேல பறக்குமே சார்!"

டீக்கடையே சிரித்தது. சாரும் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தார். அதற்குப் பிறகு டீக்கடையில் அவர் ஹெலிகாப்டரைப் பற்றிப் பேசியதில்லை. நான் ஒரு பத்திரிகைக்காரன். கைதட்டல் கிடைத்தால் போதும், எதையும் கவனிக்கிற வழக்கம் கிடையாது.

நிலைமை இப்படி இருக்கும்போதுதான் என் தங்கச்சி செல்வி போன் செய்தாள். நத்தம் ரோட்டில் உள்ளே தள்ளி அவளைக் கட்டிக்கொடுத்த ஊர். மாப்பிள்ளை பாண்டி சம்பங்கியும் செண்டுமல்லியும் போடுகிறவர். ஊர் அம்மன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம். இப்போதெல்லாம் கும்பாபிஷேகம் என்றால் ஹெலிகாப்டர் வந்து கோபுரத்தின் மேல் பூத்தூவ வேண்டும். பக்கத்து ஊர்க்காரர்கள் போன வருடம் செய்துவிட்டார்கள். இவர்கள் செய்யாவிட்டால் அந்தப் பக்கம் பெண் எடுக்கக் கொடுக்கப் போக முடியாது என்கிற நிலைமை. ஹெலிகாப்டரில் ஏறிப் பூத்தூவுவது யார் என்று அம்மன் முன்னால் சீட்டுக் குலுக்கிப் போட்டதில், பாண்டி பெயர் வந்திருந்தது.

"அண்ணே, எனக்குப் பயமா இருக்குண்ணே" என்றாள் செல்வி. "சாமி சீட்டு, மாட்டேன்னும் சொல்ல முடியாது. உங்க தெருவுல ஒரு ஹெலிகாப்டர்காரர் இருக்காருல்ல, அவரக் கூட்டிட்டு வாயேன். அவரு ஒரு வார்த்த நல்லாருக்குன்னு சொல்லிட்டா நான் நிம்மதியா இருப்பேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் அழுதுகொண்டிருந்தாள். அவளுக்கு இரண்டும் பெண் பிள்ளைகள், சின்னது இன்னும் தவழவில்லை. போய்ச் சாரிடம் சொன்னேன். கோழிக் கதையெல்லாம் அவர் ஞாபகம் வைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. "எத்தன மணிக்குக் கெளம்பணும்?" என்று மட்டும் கேட்டார்.

காலை எட்டு மணிக்கு நாங்கள் பைக்கில் போய் இறங்கியபோது, கதிரறுத்த வயலில் ஹெலிகாப்டர் நின்றுகொண்டிருந்தது. சுற்றிலும் கயிறு கட்டி, ஊரே கயிற்றுக்கு உள்ளே நின்றது. பைலட்டையும் கூட வந்த டெக்னீஷியனையும் "வெறும் வயித்தோட எங்க ஊர்ல எவனும் வேல பாக்கக் கூடாது" என்று இலை போட்டு உட்காரவைக்க, கமிட்டிக்காரர்கள் இழுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

அந்த இடைவெளியில் ஊர்க்காரர்கள் ஒரு காரியம் செய்தார்கள். புது டிராக்டர் வந்தால் பூசை போடாமல் எடுப்பார்களா? புது பைக் வந்தால்? அம்மனுக்குப் பூத்தூவப் போகிற வண்டியை மட்டும் மொட்டையாக அனுப்ப முடியுமா? பூசாரி வந்தார். இரண்டு கால் கம்பிக்குக் கீழேயும் எலுமிச்சம்பழம் வைத்தார். வாலில் இருந்த சின்னக் காத்தாடிக்கு ஆளுயர செண்டுமல்லி மாலை. பிறகு ஒரு கிண்ணம் நிறையச் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு, ஹெலிகாப்டரில் எங்கெல்லாம் எது நீட்டிக்கொண்டிருந்ததோ அங்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்தார். கதவுக் கைப்பிடி, விளக்கு, மூக்கு, மூக்குக்குக் கீழே விரல் தடிமனில் நீண்டிருந்த ஒரு குழாய், எதையும் விடவில்லை. அந்த மெஷினே கல்யாணப் பெண் மாதிரி வெட்கப்பட்டுக்கொண்டு நின்றது.

நாங்கள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போகவும், பூசாரி தட்டில் கற்பூரத்தை ஏற்றவும் சரியாக இருந்தது. பெட்ரோல் டாங்க் பக்கம் கையை நீட்டிச் சுற்ற ஆரம்பித்தார்.

சார் ஓடினார். அந்த வயதில் அவர் ஓடி நான் பார்த்ததில்லை. போய், பூசாரியின் கையைப் பிடித்து, கற்பூரத்தை வாயால் ஊதி அணைத்தார்.

கற்பூரத்தை. வாயால். கும்பாபிஷேகத்தன்று.

ஊரே ஒரே நேரத்தில் பேசியது.

"ஏலே, யாருலே இந்தக் கெழவன்?"

"நல்ல காரியத்துல வெளக்க ஊதி அணைக்கிறான் பாரு!"

கமிட்டித் தலைவர் மீசையை முறுக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "யாருய்யா இந்த ஆளைக் கூட்டிட்டு வந்தது?"

இந்த இடத்தில் வாசகர்கள் என்னை மன்னிக்க வேண்டும். நான் வானத்தைப் பார்த்தேன். மேகம் எதுவும் இல்லை. இருந்தாலும் பார்த்தேன். தங்கச்சியைக் கொடுத்த ஊர், மாப்பிள்ளை மானம் என்று பிறகு எனக்கு நானே பல சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த நிமிடத்தில் அது வெறும் பயம்தான்.

சார் யாரையும் தேடவில்லை. அந்தக் குழாயைக் காட்டி நிதானமாகச் சொன்னார். "இதுக்குள்ள சந்தனம் போயிருக்கு. இது வழியா வர்ற காத்தை வச்சுத்தான் எம்புட்டு வேகத்துல போறோம்னு முள்ளு காட்டும். அடைச்சிருந்தா முள்ளு பொய் சொல்லும். பைலட் அந்தப் பொய்யை நம்பி ஓட்டுவாரு. தொடைக்காம எடுக்கக் கூடாது."

"சந்தனம் வச்சா பறக்காதாம்ப்பா!" என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது. டீக்கடையில் சிரித்த அதே சிரிப்பு.

அதற்குள் பைலட் கை கழுவிக்கொண்டு வேகமாக வந்தார். இளைஞர். கமிட்டித் தலைவர் கடிகாரத்தைக் காட்டினார். நல்ல நேரம் முடிய இருபது நிமிடம்தான் இருந்தது. கோபுரத்தில் குருக்கள் குடத்தைத் தூக்கப் போகிறார். சார் பைலட்டிடமும் குழாயைப் பற்றிச் சொன்னார்.

"காலையிலேயே எல்லாம் செக் பண்ணிட்டேன் சார்" என்றார் பைலட் மரியாதையாக. வாலிலிருந்த மாலையைப் பார்த்ததும், "முதல்ல இதை எடுங்கப்பா" என்று கத்தினார். நான்கு பேர் மாலையைக் கழற்றினார்கள். குழாயை யாரும் பார்க்கவில்லை. பாண்டி பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, பூக்கூடையோடு, பலி ஆட்டின் முகத்தோடு வந்து நின்றார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் செல்வி கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சாரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சார் அதற்குமேல் விவாதம் செய்யவில்லை. பின் கதவு வழியாக ஏறி, பாண்டி உட்கார வேண்டிய சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"என்னைய எறக்கணும்னா தூக்கித்தான் எறக்கணும். இல்லன்னா தம்பி, நீங்க வந்து ஒரே ஒரு தடவை அந்தக் குழாயைப் பாருங்க. நீங்க பாத்துச் சரின்னு சொன்னா நான் எறங்கிர்றேன்."

"தூக்குங்கடா" என்றார் தலைவர். இரண்டு பேர் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். சார் அவர்களைப் பார்க்கக்கூட இல்லை. அவர் பாட்டுக்கு இரண்டு தோள் வாரையும் இரண்டு இடுப்பு வாரையும் எடுத்து, நடுவில் சேர்த்து, ஒரே அமுக்கில் பூட்டினார். குனிந்து பார்க்கவில்லை. தடவித் தேடவில்லை. நாம் சட்டைப் பட்டன் போடுவோமே, அப்படி. காலையில் ஆர்வமாக ஏறிப் பார்த்த கமிட்டிக்காரர்கள் அந்தப் பெல்ட்டோடு மல்லுக்கட்டியதை பைலட் பார்த்திருக்க வேண்டும். அவர் சாரின் கையையே பார்த்தார்.

"கொஞ்சம் இருங்க" என்று அந்த இரண்டு பேரையும் தடுத்தார். முன்னால் போனார். மண்டி போட்டு, குழாயில் டார்ச் அடித்துப் பார்த்தார். எழுந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

"முழுசா அடைச்சிருக்கு" என்றார்.

பூசாரி தன் சந்தனக் கிண்ணத்தை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். ஒருவர் சட்டென்று விளக்குமாற்றுக் குச்சி ஒன்றை உருவிக்கொண்டு ஓடிவர, "குச்சி விடாதீக! உள்ள தள்ளிரும்!" என்று சீட்டிலிருந்தே சத்தம் போட்டார் சார். இறங்கி வந்து டெக்னீஷியனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, குழாயைக் கழற்றவைத்து, சுத்தம் செய்யவைத்து, மறுபடி மாட்டி, காற்று ஊதி உள்ளே முள் அசைகிறதா என்று பைலட்டைப் பார்க்கச் சொன்னார். நேரம் ஓடியது. தலைவர் குருக்களிடம் ஆள் அனுப்பினார். குருக்கள், "ஒண்ணும் பதட்டப்பட வேண்டாம், மந்திரத்துக்கா பஞ்சம்?" என்று சொல்லி அனுப்பிவிட்டு, மைக்கில் நீட்டி முழக்க ஆரம்பித்தார். அன்று அம்மனுக்குக் கிடைத்த மந்திரம் எந்த அம்மனுக்கும் கிடைத்திருக்காது.

"சார், நீங்களும் ஒரு சுத்து பாத்துச் சொல்லுங்க" என்றார் பைலட். இப்போது அவர் குரல் வேறாக இருந்தது. டெக்னீஷியனைக் கூடவே வரச் சொல்லி, சார் மெல்ல ஒரு சுற்று வந்தார். இறக்கை ஒவ்வொன்றின் நுனியையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். கூடையில் கட்டுப்பூ இருந்ததைப் பார்த்து, நார் பறந்துபோய் வாலில் சுற்றும் என்று எல்லாவற்றையும் உதிர்க்கச் சொன்னார். கடைசியில் தலையை ஆட்டினார்.

"சரியா இருக்கு."

செல்வி கயிற்றைத் தாண்டி வந்துவிட்டாள். "பயமில்லையா சார்? அவரு போலாமா?"

"நான்தான் சரின்னு சொல்லிட்டேனேம்மா" என்றார். ஒரு நொடி ஹெலிகாப்டரை நிமிர்ந்து பார்த்தார். "சொன்னவன் ஏறணும். வாங்க பாண்டி, நானும் வாரேன்."

புழுதி கிளம்பியது, துண்டுகள் பறந்தன, நான் கண்ணை மூடித் திறப்பதற்குள் ஹெலிகாப்டர் மேலே போய்விட்டது. மூன்று சுற்று. கோபுரத்தின் மேல் செண்டுமல்லியும் சம்பங்கியும் கொட்டின. குருக்களின் தலையிலும் கொஞ்சம் விழுந்தது. ஒரு கூடைப் பூ காற்றில் தள்ளிப்போய்ப் பக்கத்து ஊர்க் கோயில் மேல் விழுந்ததாகவும், அவர்கள் அதைத் தங்கள் அம்மனின் சக்தி என்று சொல்லிக்கொண்டதாகவும் பிறகு கேள்விப்பட்டேன். ஊரே கைகூப்பி அழுதது. கற்பூரம் அணைந்ததற்குத் திட்டிய அதே ஆள், "தெய்வம்யா அந்த மனுசன்" என்று என்னிடமே சொன்னார். "எங்க தெருதான்" என்று உடனே சொன்னேன். அப்போது மட்டும் வாய் வந்தது.

இறங்கியதும் பாண்டி குதித்து வந்து செல்வியைப் பார்த்துச் சிரித்தார். கூட்டம் ஹெலிகாப்டரைச் சூழ்ந்தது. தலைவர், வாலிலிருந்து கழற்றிய அதே ஆளுயர மாலையைத் தூக்கிக்கொண்டு, "சார் எறங்கட்டும், எறங்கட்டும்" என்று காத்திருந்தார். சார் இறங்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து ரசிக்கிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பெல்ட் சிக்கிக்கொண்டதோ என்று பார்க்கப் போனேன்.

அவர் முகம் முழுக்க வேர்த்திருந்தது. இரண்டு கையாலும் முழங்காலை அழுத்திப் பிடித்திருந்தார். அப்படியும் கால் இரண்டும் தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தன.

"சார், என்ன செய்யுது? டாக்டரக் கூப்பிடவா?"

"ஒண்ணுமில்ல தம்பி. பயம்."

எனக்குப் புரியவில்லை. "எதுக்கு சார் பயம்?"

"மேல ஏறுனா எனக்குப் பயம். மொத நாள்லருந்தே அப்படித்தான்." கண்ணைத் திறக்காமலே சொன்னார். "ஒவ்வொரு தடவையும் கண்ண மூடிக்கிட்டுத்தான் ஏறுவேன்."

"முப்பது வருசமாவா?"

"பைலட்டுக்கும் வீட்டுல ஆளுக இருப்பாகல்ல. நான் பாத்துச் சரின்னு சொல்லிட்டு, நான் மட்டும் கீழ நின்னா எப்படி?"

வெளியே மேளக்காரர்கள் வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். "சார் வாங்க, சார் வாங்க" என்று கூப்பிட்டார்கள். அவர் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டார். "இவுக முன்னாடி இப்படிப் போக வேணாம் தம்பி. செத்த நேரம் மறைச்சு நில்லுங்க. இப்பச் சரியாயிரும்."

நான் திரும்பி, வாசலை அடைத்துக்கொண்டு, இரண்டு கையையும் அகல விரித்து நின்றேன். தலைவர் மாலையோடு எட்டிப் பார்த்தபோது, "சாருக்கு உள்ள இன்னும் கொஞ்சம் செக்கிங் இருக்கு, யாரும் கிட்ட வரக் கூடாது" என்று அதட்டினேன். முதுகுக்குப் பின்னால் அவர் மூச்சு விடுவது கேட்டுக்கொண்டே இருந்தது. அன்று பொழுது சாயும் வரை நிற்கச் சொல்லியிருந்தாலும் நின்றிருப்பேன்.